முந்தின ராத்திரிக்காரர்

இடுக்கி மாவட்டத்துப் பீருமேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஏலப்பாறையின் சுற்றுவட்டாரத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரே கூரையின் கீழ்ச் சுவரோடு சுவராகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில், வரிசைக்கு ஒருவராவது தென்படும் ஒரு மனித வகையே இங்கு ஆராயப்படுகிறது. இவ்வகையினரை உடனிருப்போர் அழைக்கும் சொற்கள் அச்சேறத் தக்கவை அல்ல என்பதால், ‘முந்தின ராத்திரிக்காரர்’ என்ற பெயர் ஆய்வு வசதிக்காக இங்கே இடப்படுகிறது.

வருடத்தின் பெரும்பாலான இரவுகளில் இவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. காலையில் மஸ்டரில், அதாவது தொழிலாளர் கூடிப் பெயர் கொடுத்து அன்றைய வேலையைப் பிரித்து வாங்கிக்கொள்ளும் இடத்தில், கடைசி ஆளாக வந்து நிற்பார்; பகலெல்லாம் சரிவில் ஏறி இறங்குவார்; இரவு சோறு உள்ளே போன சிறிது நேரத்தில் குறட்டை வெளியே வரும். கவலையால் இவருடைய தூக்கம் கெட்டதாக வரலாறு இல்லை. சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும், தவணைக்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன நாளிலும், அவர் படுத்தவுடன் தூங்கியதற்கு வீட்டிலுள்ள அனைவரும் சாட்சி. அவரை வெல்லக்கூடியது மகிழ்ச்சி ஒன்றுதான். அதுவும் மறுநாள் வரவிருக்கும் மகிழ்ச்சி.

பள்ளிச் சுற்றுலாவுக்கு முந்தின இரவில் குழந்தைகளையும், முதல் முறை விமானம் ஏறப்போகிற வளைகுடாப் பயணியையும் இவ்வகையில் சேர்க்கலாம் என்றாலும், குழந்தை வளர்ந்துவிடும், பயணிக்கு இரண்டாம் முறை பழகிவிடும். ஏலப்பாறைக்காரருக்குப் பழகுவதே இல்லை. இவ்வகையின் முழுவடிவத்தைக் காண வேண்டுமானால் சித்திரை மாதத்துப் பௌர்ணமிக்கு முந்தின இரவே ஏற்ற காலம். குமுளியிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தொலைவில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் பக்தர்களுக்கு ஆண்டில் அந்த ஒரே நாள்தான் திறக்கப்படுகிறது. இடுக்கி, தேனி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி நடத்தும் விழா அது. தமிழகப் பக்கத்தவர் பளியங்குடியிலிருந்து காட்டு வழியே நடந்து ஏற, கேரளப் பக்கத்தவர் குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறுகிறார்கள். காலையில் திறந்து, பொழுது சாய்வதற்குள் அனைவரையும் கீழே இறக்கிவிடுகிறார்கள். அன்று தவறவிட்டால் மறுபடி 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, பக்தியை வளர்ப்பதோடு முந்தின ராத்திரிக்காரரையும் வளர்க்கிறது.

லயத்தார் சிலர் சேர்ந்து பேசிவைத்த ஜீப், விடிகாலை நான்கு மணிக்கு முற்றத்தில் வந்து நிற்கும். பீருமேடு, வண்டிப்பெரியாறு வழியாகக் குமுளி போய், அங்கே வரிசையில் நின்று மலையேறும் வண்டியைப் பிடிக்க வேண்டும். ஆகவே ஒன்பது மணிக்கே படுத்துவிட வேண்டும் என்று மாலையிலிருந்து வீட்டாருக்கு உத்தரவிட்டுவந்தவர், ஒன்பது மணிக்குக் கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத கடுந்தேநீர், ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறார். பயணக் களைப்பு வராமல் இருக்க அது உதவும் என்பது அவர் கொள்கை. பயணம் தொடங்க இன்னும் ஏழு மணி நேரம் இருப்பதை அக்கொள்கை கணக்கில் கொள்வதில்லை.

பிறகு அவர் படுக்கிறார். படுத்தபின்தான் காப்பகத்துக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பது நினைவுக்கு வருகிறது. அவரே மாலையில் பிளாஸ்டிக் குப்பியில் நிரப்பிவைத்த தண்ணீரை எவர்சில்வர் தூக்குக்கு மாற்ற எழுகிறார். யாரையும் எழுப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் விளக்கைப் போடாமல் இருட்டில் மாற்றுகிறார். மெல்ல ஊற்றினால் சத்தம் வராது என்று சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார். அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் காலித் தூக்கின் அடியில் விழும் ஓசை இந்த வீட்டையும் அடுத்த வீட்டையும் கடந்து மூன்றாம் வீட்டுத் தொட்டில்வரை போகிறது. கடைசியில் மூடி கைநழுவி விழுந்து உருண்டு, அடுப்படி மூலைவரை போய்ச் சுழன்று சுழன்று அடங்குகிறது. சுவருக்கு அப்பாலிருந்து, “அண்ணே, கெளம்பியாச்சா?” என்று ஒரு குரல் வருகிறது. “இல்லப்பா, நீ தூங்கு” என்று இவர் ஆறுதல் சொல்கிறார்.

அடுத்த கட்டம் கணக்கு. கைப்பேசியில் மூன்று மணிக்கு ஒன்று, மூன்று ஐந்துக்கு ஒன்று, மூன்று பத்துக்கு ஒன்று என்று அலாரம் வைத்தவர், வைத்தது பிற்பகல் மூன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எடுத்துப் பார்க்கிறார். பார்த்த கண் மணியிலும் படுகிறது. பத்தே முக்கால். இப்போது தூங்கினால் நாலேகால் மணி நேரம். பதினொன்றரை, இப்போது தூங்கினால் மூன்றரை. ஒவ்வொரு முறையும் விடை சரியாகவே வருகிறது. கணக்குப் போடுகிறவர் தூங்குவதில்லை, தூங்குகிறவர் கணக்குப் போடுவதில்லை என்ற ஒன்று மட்டும் அவருக்குப் புலப்படவில்லை.

தூக்கமின்மையைத் தமிழ் மரபு அறியாதது அன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளைக் கூறும் இயல், ‘கண்துயில் மறுத்தல்’ என்பதை ஒரு மெய்ப்பாடாகவே எண்ணிவைத்திருக்கிறது. ஆனால் அது காதல்வயப்பட்டாருக்கு உரியது. நான்கு மணி ஜீப்புக்குக் காத்திருப்பவருக்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. இருவரையும் பிரித்தறிவதும் எளிது. உண்டி சுருங்குவதும் அதே பட்டியலில் வருவதால் காதலருக்குச் சோறு இறங்காது. இவரோ நள்ளிரவில் எழுந்து, மலையுச்சிக்கெனக் கட்டிவைத்த புளிச்சோற்றில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு வருகிறார்.

உடலியலார் தரும் விளக்கம் வேறு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தைக் கூட்டுகிறது என்பதும், உடலுக்குள் ஓடும் நாட்கடிகாரம் அதற்குரிய வேளையைக் குறிக்கிறது என்பதும் இன்றைய அறிவு. இவ்விரண்டையும் இணைத்து அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் வகுத்த மாதிரியே இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. பகலெல்லாம் மலை ஏறி இறங்கியவருக்கு முதலாவதற்குக் குறைவில்லை. நள்ளிரவில் இரண்டாவதற்கும் குறைவில்லை. எனினும் இவற்றின்மேல் ஏறி உட்காரும் மூன்றாவது ஒன்று உண்டு. எதிர்பார்ப்பு மிகும்போது மூளைத்தண்டு நோரட்ரினலினைச் சுரந்து உடலை விழிப்பில் நிறுத்துகிறது. வரப்போவது திருவிழாவா தவணைக்காரரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, தேநீரிலுள்ள காஃபீன் அடினோசின் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடலில் அது பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், ஒன்பது மணிக் கட்டன்சாயாவில் அரை டம்ளர் இரண்டு மணிக்கும் பணியில் இருக்கிறது.

தூக்கம் வராதவர் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறு அறைக்குப் போய், தூக்கம் வந்தபின் திரும்ப வேண்டும் என்பது ரிச்சர்ட் பூட்சின் என்னும் உளவியலாளர் 1972இல் வகுத்த முறை. மிக நல்ல முறை. வேறு அறை உள்ளவர்களுக்கானது என்பதுதான் அதிலுள்ள ஒரே குறை. முன்னறையில் ஐந்து பேர் படுத்திருக்க, பின்னால் அடுப்படி மட்டுமே கொண்ட லயத்து வீட்டில், எழுந்து போகிறவர் ஒவ்வொரு காலாகத் தாண்டிப் போய் முற்றத்தில்தான் நிற்க முடியும். அவர் நிற்கிறார். நிலவு ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. நாளைக்கு மழை வருமா என்று அண்ணாந்து பார்த்தவரை அடையாளம் தெரியாமல் நாய் குரைக்க, அடுத்த லயத்து நாய் பதில் சொல்ல, கொழுந்து மடுவம்வரை, அதாவது கிள்ளிய கொழுந்தை நிறுக்கும் கொட்டகைவரை, செய்தி போய்ச் சேருகிறது.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய மனைவி அயர்ந்து தூங்குவது கவனிக்கத்தக்கது. மறுநாளைய வேலை முழுவதும் அவருடையதே. சோறு கட்டியவரும், பிள்ளைகளின் துணியை எடுத்துவைத்தவரும், பூசைக்கூடையை ஒழுங்கு செய்தவரும் அவரே. படுக்குமுன் காலையில் செய்ய வேண்டியவற்றை மகளிடம் சொல்லிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதவைத்து, அதைத் தூக்குக்கு அடியில் செருகிவிட்டுக் காலைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு படுத்தவர்தான். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்யவேண்டியவற்றை எழுதிவைத்த இளைஞர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பாதம் சூடாக இருந்தால் தூக்கம் விரைவில் வரும் என்பதை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். கணவரோ பட்டியலைத் தலைக்குள்ளும் பாதத்தை முற்றத்துக் குளிரிலும் வைத்திருக்கிறார்.

இறுதியில் தீர்வு வருவது அவருடைய தாயாரிடமிருந்து. முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்ற அம்மூதாட்டி, மகன் நான்காம் முறை தன் காலைத் தாண்டும்போது எழுந்து உட்கார்ந்து, “நீ தூங்கவே வேணாம்ப்பா. இப்படியே முழிச்சிருந்து மூணு மணிக்கு எங்க எல்லாத்தையும் எழுப்பிவிடு. உன்ன நம்பித்தான் படுக்கிறோம்” என்கிறார். விக்டர் ஃபிராங்க்ல் என்னும் வியன்னா மருத்துவர் இதை முரண் நோக்கம் என்று அழைத்தார். எதற்கு அஞ்சுகிறோமோ அதையே வேண்டிச் செய்ய முயலும்போது அச்சம் தளர்ந்துபோகும் என்பது அதன் சாரம். தூங்க முயல்வதே தூக்கத்தைத் துரத்துவதால், விழித்திருக்கச் சொல்லப்பட்டவருக்கு முயல ஒன்றும் இல்லாமல் போகிறது. மகன் கைப்பேசியை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்து, பொறுப்புள்ள காவலராக நிமிர்ந்து உட்காருகிறார். கால்மணி நேரத்தில் தலை தோளுக்கு வந்துவிடுகிறது. மூதாட்டி கைப்பேசியை எடுத்துத் தம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

மூன்று மணிக்கு அவர்தான் மருமகளை எழுப்புகிறார். வெந்நீர் காய்ந்து, பிள்ளைகள் குளித்து, பூச்சூடி முடித்தபின் கடைசியாகக் காவலர் எழுப்பப்படுகிறார். முந்தின ராத்திரிக்காரர் ஒருவரும் தாம் தூங்கியதை ஒப்புக்கொண்டதில்லை. “ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல, இப்பத்தான் கண்ணசந்தேன்” என்று அவர் சொல்லும்போது சுவருக்கு அப்பாலிருந்து பதில் வருகிறது: “இல்லண்ணே, பன்னெண்டரைக்கே தூங்கிட்டீங்க. கொறட்டை கேட்டுச்சு. நான்தான் அப்புறம் தூங்கல.”