ஞாயிற்றுக்கிழமை இன்ஜினீயர்

ஓசூரில் ஞாயிறு காலை எந்தத் தெருவிலாவது நீலப்புகை கிளம்பினால், கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று ஜன்னலைச் சாத்தவேண்டாம். ட்யூனிங் அண்ணன் தன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை உதைத்திருக்கிறார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன். கையில் மைக்ரோமீட்டர். டிராயிங்கில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் 0.02 மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் பீஸ் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் ஒரே பதில்: "டிராயிங்ல என்ன இருக்கோ அதான் சார்." ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான். 1980 வாக்கில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் வந்தன. பின்னால் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. மைக்ரான் கணக்கில் சோறு சாப்பிடும் ஊர். ஏழாம் நாள் அதே கை, ஜப்பான்காரன் போட்ட டிராயிங்கைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுகிறது.

"யமஹாக்காரன் பயந்துட்டான்டா. 98 சிசிக்கு 11 குதிரைச் சக்தின்னு நிறுத்திட்டான். உள்ள இன்னும் நாலு குதிரை கட்டிக்கிடக்கு" என்பார். அந்த நாலும் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்தான் கட்டிக்கிடக்கின்றன என்பது அவர் நம்பிக்கை. எனவே முதல் பலி அந்தக் கறுப்பு டப்பா. அதைக் கழற்றிவிட்டு, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பேரம்பேசி வாங்கிய கூம்பு ஃபில்டரைக் கார்புரேட்டர் வாயில் நேராக மாட்டுவார். வண்டியின் குரலே மாறிவிடும். சத்தம் கூடியதால் வேகமும் கூடிவிட்டது என்று காது சாட்சி சொல்லும். ஸ்பீடோமீட்டர் எதுவும் சொல்லாது. அது செத்து வெகுகாலம் ஆகிறது.

ஆனால் அவர் சொல்வது முழுப் பைத்தியக்காரத்தனமும் அல்ல. கார்புரேட்டர் என்பது நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு குழாய். இன்ஜின் இழுக்கும் காற்று அந்த இடுப்பில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். அடியில் தொட்டியிலிருக்கும் பெட்ரோல் ஜெட்டின் ஊசித்துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். டப்பாவைக் கழற்றினால் காற்று கூடும், கணக்கு கெடும், கலவை மெலியும். மெலிந்த கலவையில் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும்போது 'சீஸ்' ஆகிவிட்டது என்பார்கள். ஆகவே பெரிய ஜெட் போட்டாக வேண்டும்.

எவ்வளவு பெரியது என்பதில்தான் அண்ணனின் வாழ்க்கை கழிகிறது. ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய ஜெட் வைத்திருக்கிறார். சரியான நம்பர் கிடைக்காத அன்று மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆட்டித் துளையைப் பெரிசாக்குவார். எத்தனை மைக்ரான் என்று கேட்டால், "கொஞ்சூண்டு" என்பார். 0.02-க்குப் பீஸைத் தள்ளிய மனுஷன்!

அடுத்தது ஏர் ஸ்க்ரூ. முழுக்க முடுக்கி, ஒன்றரைச் சுற்று திறந்து, பிறகு மயிரிழை மயிரிழையாக. ஐடிலிங் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்கத் தலையைச் சாய்த்து இடது கையைத் தூக்குவார். அந்தக் கைக்குத் தெரு அடங்க வேண்டும். வீட்டுக்குள் மிக்ஸி ஓடினால், "இந்தா, ஒரு நிமிசம் நிறுத்து!" மிக்ஸி நிற்கும், அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சட்னி அரைபடாமல் பாதியில் கிடப்பது வழக்கம். சுற்றிலும் அரைடவுசர் சிஷ்யர்கள் நாலு பேர். அவர்களுக்குத் திட்டு தெலுங்கில் விழும், ஸ்பேனர் தமிழில் கேட்கப்படும், வண்டி கிளம்பாவிட்டால் அதனிடம் கன்னடத்தில் கெஞ்சல்.

பிறகு டெஸ்ட். கிருஷ்ணகிரி ரோட்டில் ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கி ஓட்டி, சட்டென்று கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரம் ஒதுங்கி, கொதிக்கக் கொதிக்க ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்து ஈரமாயிருந்தால் அதிகம். கேழ்வரகுக் களி நிறத்தில் இருந்தால் அன்று முழுக்க யார் கடன் கேட்டாலும் கொடுப்பார்.

சங்கடம் என்னவென்றால் அவருக்கு மாமனார் வீடு கிருஷ்ணகிரி. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி ஐந்நூற்றுச் சொச்சம். கீழே இறங்க இறங்கக் காற்று அடர்ந்து கலவை மெலியும். அடர்த்தியில் வித்தியாசம் நூற்றுக்கு நாலு பங்குதான் இருக்கும், வேறு யாராவது கவனிப்பார்களா? அண்ணன் சூளகிரியில் வண்டியை நிறுத்தி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவார். பட்டுப்புடவையோடு சாலையோரம் நிற்கும் அவர் மனைவியான அக்காவிடம், "டென்சிட்டி மாறுது" என்று விளக்கமும் சொல்வார். முகூர்த்தத்துக்குக் கிளம்பி பந்திக்குப் போய்ச் சேர்வார்கள். மைலேஜ் கேட்டுவிடாதீர்கள். "மைலேஜ் பாக்கறவன் டிவிஎஸ் 50 வாங்கிக்கணும்." கூம்பு ஃபில்டர் கல்குவாரி லாரிகளின் தூசியை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதையும் கேட்கவேண்டாம். சிலிண்டர் எத்தனை முறை ரீபோர் ஆனது என்பது லேத்துக்காரருக்கும் அவருக்கும் இடையிலான ரகசியம்.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வண்டி வாங்கிய காசைத் தாண்டியது. அன்றிலிருந்து அத்திப்பள்ளி செக்போஸ்ட் பக்கம் பஸ்ஸில்தான் போகிறார்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் புது வண்டிகளில் அநேகமாகக் கார்புரேட்டரே போய்விட்டது. எவ்வளவு பெட்ரோல் என்பதைச் சென்சார் பார்த்துக்கொள்கிறது. போதாததற்கு ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா. பக்கத்து வீட்டுப் பையன் மின்சார ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். அண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மூச்சே விடலியேடா இது" என்றார். துக்கம் விசாரிக்கும் குரல் அது.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு ஐ.டி. பையன் வந்தான். 1996-லேயே ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றுவிட்டதால் நல்ல வண்டிக்கு இப்போது லட்சத்துக்கு மேல் கொடுக்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். அக்கா வாசற்படியில் நின்று தொண்டையைக் கனைத்தார். அண்ணன் கண்ணிமைக்காமல், "எல்லா ஒரிஜினலே சார், பானுவார பன்னி" என்று கன்னடத்தில் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை ராத்திரி பரணிலிருந்து கறுப்பு டப்பா இறங்கியது. ஒரிஜினல் ஜெட், ஒரிஜினல் ஊசி, ஒன்றரைச் சுற்று ஏர் ஸ்க்ரூ. கம்பெனி சொன்னபடியே மாட்டி, சரிபார்க்கச் சூளகிரி வரை ஒரு ஓட்டம். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தவர் அக்காவைத் தட்டி எழுப்பினார். முகமெல்லாம் பல்.

"நாலு குதிரையும் வெளிய வந்துடுச்சு! இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் ட்யூனிங் செட் ஆயிருக்கு. இந்த நெலமையில எவனாவது விப்பானா?"

"ஏங்க, அப்ப அந்தப் பையன் வருவானே?"

"வரட்டும், டீ குடுத்து அனுப்பலாம். ஒண்ணு கவனிச்சியா? இப்பவே இந்த இழுப்பு இழுக்குது. அந்த டப்பாவை மட்டும் கழட்டிட்டா இன்னும் கொஞ்சம் வரும்."