மழை மேல் பழியா?

கேள்வி: மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் நின்றுவிட்டது. 'தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டி கிடையாது' என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். என்ன செய்வது?
– வாசகர், கடலூர்

பதில்: பழுது மோட்டாரில்தானா என்று முதலில் கேளுங்கள். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரில் பேரிங் தவிரத் தேய்வதற்கு அதிகம் இல்லை. கார்பன் பிரஷ்கூடக் கிடையாது. வண்டி திணறி நிற்க ஹால் சென்சாரோ, கன்ட்ரோலரோ, ஒயர் இணைப்போ காரணமாக இருக்கலாம். சோதிக்காமலே தண்ணீர் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஐபி67 என்று விளம்பரப்படுத்திய மோட்டார் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். அது சாலை மழைக்கே தோற்றால் குறை மழையிலா, மோட்டாரிலா? பிரஷர் வாஷ் அடித்திருப்பீர்கள், வெளி மெக்கானிக் பிரித்திருப்பார் என்பார்கள். அப்படி நடந்திருந்தால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஐபி67 சோதனை பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கானதல்ல. ஆனால் அப்படி நடந்ததை அவர்கள் காட்ட வேண்டும், வெறும் சந்தேகம் போதாது. ஆகவே மறுப்பைக் காரணத்தோடு ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணம் இல்லை.