சின்ன உடம்புக்கு முட்டை எதற்கு?

2022-இல் கர்நாடக அரசின் கையில் ஓர் அறிக்கை வந்து சேர்ந்தது. புதிய கல்விக் கொள்கைக்காக, உடல்நலம் பற்றி ஒரு நிபுணர் குழு எழுதிக் கொடுத்தது. அதிலுள்ள கண்டுபிடிப்பு இது: இந்தியர்களுக்கு உடல்வாகு சிறியது, முட்டையும் இறைச்சியும் வழக்கமாகத் தின்றால், கொலஸ்ட்ரால் வழியாக வரும் கூடுதல் ஆற்றல் வாழ்க்கைமுறை நோய்களில் கொண்டுபோய் விடும். ஆகவே, பள்ளிக்கூடத்தில் முட்டை வேண்டாம்.

முதலில் ஒரு சின்னச் சங்கடம். கொலஸ்ட்ரால் ஆற்றல் தராது. அதை எரித்துச் சக்தி எடுக்கும் வித்தை மனித உடம்புக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் பக்கத்தில் முட்டை போட்டிருப்பார்கள், மதிப்பெண்ணாக.

அது போகட்டும். உடல்வாகு ஏன் சிறியது? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை (2019–21) புரட்டினால் தெரியும். நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தக் குழந்தை குட்டையாக இருக்கிறது, ஏனென்றால் சத்தில்லை. சத்து கொடுக்கக் கூடாது, ஏனென்றால் குட்டையாக இருக்கிறது. செருப்புக்கேற்றபடி காலை வெட்டுவது கேள்விப்பட்டிருக்கிறோம். காலை வெட்டியதைக் காரணம் காட்டிச் செருப்பையும் பிடுங்கிக்கொள்வது நிபுணர் குழுவால்தான் முடியும்.

இன்னொரு கவலையும் அவர்களுக்கு. சிலருக்கு முட்டை, சிலருக்கு வாழைப்பழம் என்று கொடுத்தால் பிள்ளைகளுக்குள் பாகுபாடு வந்துவிடுமாம். அடடா. 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த சோற்றை மேல்சாதிப் பிள்ளைகள் தொட மறுத்தார்கள். அந்த அம்மாவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அதே டிசம்பரில்தான் கர்நாடகத்தில் சத்துணவு முட்டையை எதிர்த்து மடாதிபதிகள் கிளம்பினார்கள். சம்பாவத் பாகுபாட்டுக்காக எந்த மடத்திலிருந்தும் ஒரு குரல் கிளம்பியதாக என் காதுக்கு எட்டவில்லை.

சைவம் சாப்பிட்டு நூறு வயது வாழ முடியாதா என்று கேட்பார்கள். முடியும், தாராளமாக. பருப்பு, பயறு, பால், தயிர், கொட்டை வகை, காய், பழம் என்று திட்டமிட்டுச் சாப்பிட்டால் சைவம் நல்ல உணவுதான். பாலையும் விலக்கும் வீகன் உணவும் அப்படித்தான். கூடவே பி12 மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் செடிகொடிகளில் அது நம்பத்தகுந்த அளவில் கிடையாது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்கு வழி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இலேயே சொல்லிவிட்டது. இதிலெல்லாம் எனக்குத் தகராறே இல்லை. 'திட்டமிட்டு' என்ற சொல்லில்தான் தகராறு. பெங்களூரில் பாதாம் பால் காபி குடிப்பவருக்குத் திட்டமிட ஆள் இருக்கிறது, மாத்திரை வாங்கக் காசு இருக்கிறது. ராய்ச்சூரில் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு எவர் திட்டமிடுவார்? மடமா?

முட்டைக்கு எதிரிகள் இத்தனை பேர் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சாம்பாரில் தண்ணீர் ஊற்றலாம். பாலில் ஊற்றலாம். முட்டையில் ஊற்ற முடியாது. பாதியாக அறுத்துப் போட்டால் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுந்து நின்று, "மீதி எங்க டீச்சர்?" என்று கேட்கும். கூமுட்டை வந்தால் ஒப்பந்தக்காரர் சட்டையைப் பிடிக்கலாம். முட்டையின் சட்டையை ஏன் பிடிக்கிறீர்கள்?

மத்தியப் பிரதேசத்தில் இன்னும் விசேஷம். 2019-இல் அங்கன்வாடியில் முட்டை போடலாம் என்ற பேச்சு வந்ததும், சிறு வயதிலேயே முட்டை தின்று பழகினால் பெரியவர்களானதும் மனிதனைத் தின்னத் தொடங்கிவிடுவார்கள் என்று பயந்தார் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் கோபால் பார்கவா. தமிழ்நாட்டில் 1989-இலிருந்து சத்துணவில் முட்டை போடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, இப்போது வாரத்துக்கு ஐந்து. அப்படி வளர்ந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். இதுவரை யாரும் பக்கத்து வீட்டுக்காரரைக் கடித்ததாகப் புகார் இல்லை.

மகாராஷ்டிரம் இவ்வளவு சிரமப்படவில்லை. 2025 ஜனவரியில் முட்டைக்கான நிதியை நிறுத்தியது. வேண்டுமானால் பள்ளிகள் ஊரில் வசூல் செய்து போட்டுக்கொள்ளட்டும் என்றது. பிச்சை எடுப்பதில் சைவம், அசைவம் கிடையாது போலிருக்கிறது.

எங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். முட்டையைப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நெற்றியில் 'டக்'கென்று அடித்துத்தான் உடைப்பார்கள். அவன் திருப்பி அடிப்பான். வெள்ளையை முதலில் தின்றுவிட்டு, மஞ்சள் கருவைக் கடைசிவரை சோற்றுக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். ஒருத்தி அதையும் தின்னாமல் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு போனாள். வீட்டில் தம்பி இருந்தான். அந்த முடிச்சுக்குள் எவ்வளவு கொலஸ்ட்ரால் என்று கணக்குப் பார்க்க ஒரு குழு போடலாம்.

நல்லவேளையாக, நிபுணர்கள் எழுதுமுன்பே கர்நாடகத்தின் கொப்பள மாவட்டம் கங்காவதியில் ஒரு பள்ளி மாணவி மடாதிபதிகளைப் பார்த்துப் பேசிவிட்டாள். எங்களுக்கு முட்டை வேண்டும், கொடுக்காவிட்டால் உங்கள் மடத்துக்கே வந்து உட்கார்ந்து தின்போம் என்றாள். ஐயாமார்கள் அஞ்ச வேண்டாம். சின்ன உடம்புதானே, மடத்துக்குப் பெரிய செலவாகாது.