கேக்குது சார்

“கேக்குதா?” என்று பேராசிரியர் கேட்டால், “கேக்குது சார்” என்று சொல்ல மூன்றாம் ஆண்டிலேயே பழகிவிட்டேன். எனக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்த பதினோரு பேரும் அதைத்தான் சொன்னார்கள். பன்னிரண்டாவது ஆள் மட்டும் எதற்கு அரிச்சந்திரன் வேஷம் கட்ட வேண்டும்? உண்மையில் எனக்குக் கேட்டது வார்டு மின்விசிறி.

முதல் வாரம் அதுகூடக் கேட்கவில்லை. காதில் மாட்டும் முனைகள் மூக்கைப் பார்த்து முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். காதுத் துளை போகிற வாட்டம் அப்படி. நான் திருப்பி மாட்டிக்கொண்டு ஒரு பெரியவரின் நெஞ்சு முழுக்க லப்-டப்பைத் தேடினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர், “தம்பி, நான் இருக்கேன்ல?” என்றார். ஸ்டெத்தஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக் 1816-ல் பாரிசில் வெறும் காகிதத்தைச் சுருட்டி வைத்தே இதயத்தைக் கேட்டுவிட்டார். என்னிடம் இருந்ததோ அப்பா நகையை அடகு வைத்து வாங்கித் தந்த புதுக் கருவி.

கேட்கத் தொடங்கியபோது இல்லாததும் சேர்ந்து கேட்டது. ஒருவருக்கு நுரையீரல் முழுக்க ‘கிரெப்ஸ்’ என்று அறிவித்தேன். சார் வந்து குனிந்து கேட்டுவிட்டு, “முடியைத் தண்ணி தொட்டு நனைச்சிட்டுக் கேளு” என்றார். நனைத்தேன். நோய் குணமாகிவிட்டது. நெஞ்சு முடி உரசினாலும் அப்படித்தான் நொறுநொறுக்கும்.

விரலால் தட்டிப் பார்ப்பது வேறு கதை. 1761-ல் அதை எழுதி வைத்த ஆவென்புருகர், விடுதிக்காரரின் மகன். அப்பா ஒயின் பீப்பாயைத் தட்டி அளவு பார்த்ததிலிருந்து பிடித்த வித்தை என்பார்கள். நானும் சந்தையில் தேங்காயைச் சுண்டிப் பார்த்து வாங்கும் அம்மாவின் பிள்ளைதான். ஆனால் நகம் வெட்ட மறந்துபோய், என் இடது நடுவிரலில் பிறை பிறையாகத் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது மைட்ரல் வால்வு சுருங்கிய ஒரு அக்கா. சத்தம் நல்லபடியாக வாய்த்த நோயாளிகளை ஆண்டுதோறும் தேர்வுக்கு வரச் சொல்வது வழக்கம். அதனால் பாடம் அவர்களுக்கு மனப்பாடம். மல்லாக்கப் படுத்திருந்தவரின் நெஞ்சில் நான் கருவியை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தி, “தம்பி, இடது பக்கமாச் சாஞ்சு படுக்கச் சொல்லலையே?” என்றார். சாய்ந்தார். “அந்தத் தட்டைப் பக்கம் இல்ல. குட்டிக் கிண்ணி மாதிரி இருக்குமே, அது. அழுத்தாம வைங்க.” மூச்சை வெளியே விட்டு அவராகவே நிறுத்தியும் கொண்டார். “போன வருசம் வந்த பொண்ணும் இதைத்தான் மறந்துச்சு.”

தேர்வாளர் வந்தார். “முனகல் கேக்குதா?”

“கேக்குது சார். கிண்ணப் பக்கத்தில், இடது பக்கம் சாய்த்து, மூச்சை விட்ட நிலையில், நன்றாகக் கேக்குது.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் தேறிவிட்டேன்.

தூரத்துப் பாலத்தில் லாரி போவது போன்ற அந்த உறுமலை நான் முதன்முதலாகக் கேட்டது, ஹவுஸ் சர்ஜனாகி ஏழு மாதம் கழித்து, ஓர் இரவு மின்சாரம் போய் வார்டு மின்விசிறி நின்றபோது.