பாயிண்ட் 32-ம் பழவங்காடித் தேங்காயும்

வாடே மக்கா, இப்படி அந்த முக்காலியில இரி. சாக்குல சாயாதே. தேங்கா உருண்டா பெறக்கி எடுக்க எனக்கு நடுவு வளையாது.

ஏன் கண்ணு சிவந்திருக்கு? ராத்திரி ஒறக்கம் இல்லியா? பொண்ணு விஷயமா? இல்ல. கடனா? அதுவும் இல்ல. கைத்துப்பாக்கியில 9 எம்.எம். ஒசத்தியா, பாயிண்ட் 45 ஒசத்தியான்னு கூட்டாளிமாரோட விடிய விடிய வழக்கா? கொள்ளாம். கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் தட்டி மாசச் சம்பளம் வாங்குத பயலுக்கு அவசியம் தீர வேண்டிய வழக்குதான். ஒங்கிட்ட துப்பாக்கி உண்டா? இல்ல. லைசென்சு? இல்ல. போன மாசம் வீட்டுக்குள்ள எலி வந்தப்ப கட்டில் மேல ஏறி நின்னு அம்மையை விளிச்சது யாரு? சரி, அத விடு.

நான் இந்தத் திருவனந்தபுரத்துப் பழவங்காடியில கணபதிக்கு எறியுத தேங்கா வித்தே நரைச்சவன். நமக்கு ஊரு நாஞ்சில்நாட்டுப் பக்கம். இங்க தமிழும் மலையாளமும் ஒரே இலையில பரிமாறுத சோறும் கறியுமாக்கும். துப்பாக்கியைப் பத்தி தேங்காய்க்காரனுக்கு என்ன தெரியும்ன்னு நெனைக்காதே. இந்தப் பிள்ளையாரு யாரு சாமி தெரியுமா? பட்டாளத்துச் சாமி. திருவிதாங்கூர் நாயர் பட்டாளம் கும்பிட்ட தெய்வம். தலைநகரு பத்மநாபபுரத்துல இருந்து இங்க மாறினப்ப பட்டாளத்தோட கூடவே வந்தவரு. இன்னைக்கும் கோயில் பொறுப்பு இந்திய ராணுவத்துக்கு. எங்கிட்ட தேங்கா வாங்குதவன்ல பாதிப் பேரு மெய்யாவே துப்பாக்கி பிடிச்சவன். அவனுக ஒருத்தனும் ஒன்ன மாதிரி கண்ணு சிவந்து நான் பாக்கல.

மொதல்ல இந்த நம்பரு என்னன்னு தெரியுமா ஒனக்கு? பாயிண்ட் 32ன்னா ஒரு இஞ்சை நூறு பங்கு போட்டு அதுல முப்பத்திரண்டு. குழல்வாயோட அகலம். அளந்து பாத்தா குண்டு பாயிண்ட் 312தான் வரும். எங்க தாத்தா கணக்குல சொன்னா காலே மாகாணி இஞ்சு. அவ்வளவுதான் சங்கதி. பாயிண்ட் 38 இருக்கே, அது பெரிய வேடிக்கை. குண்டை அளந்தா பாயிண்ட் 357தான். பழைய காலத்துல தோட்டாக் கூட்டுக்கு வச்ச பேரு அது. குண்டு இளைச்ச பிறகும் பேரு இளைக்கல. நான் இப்படி அளவைக் கூட்டிச் சொல்லி யாவாரம் பண்ணியிருந்தா எடைபோடுத ஆப்பீசருமாரு என்னைக்கோ கடையைப் பூட்டியிருப்பாவ.

இன்னொண்ணு கேளு. அந்த 38-ம் நீ ஒசத்தின்னு சொல்லுத 9 எம்.எம்.மும் தடிமன்ல ஏறக்குறைய ஒண்ணு. ஒண்ணை இஞ்சுல சொல்லுதான், மத்ததை மில்லிமீட்டர்ல சொல்லுதான். மாமியாருக்கு ரெண்டு பேரு வச்சா ரெண்டு மாமியாரா ஆயிருமா? வித்தியாசம் கூட்டோட நீளத்துல இருக்கு, உள்ள போடுத மருந்துல இருக்கு, அது வெடிக்கும்போது நெருக்குத நெருக்குல இருக்கு. அகலத்துல இல்ல.

வேட்டைத் துப்பாக்கி கணக்கு இதைவிட ருசியா இருக்கும். மலையோரத்துக்காரன் வச்சிருக்கானே, பன்னெண்டு போர். அது இஞ்சும் இல்ல, மில்லிமீட்டரும் இல்ல. ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கி ஒரே அளவா பன்னெண்டு உருண்டை பிடிச்சா, ஒரு உருண்டை எந்தக் குழல்ல சரியா எறங்குமோ அது பன்னெண்டு போர். இருவது உருண்டை பிடிச்சா இருவது போர். நம்பரு கூடக் கூடக் குழலு சின்னதாகும். சாலைக் கம்போளத்துல சின்ன எலுமிச்சங்கா கிலோவுக்கு எண்ணம் கூட வராதா, அந்தக் கணக்குதான். இதை ஒரு கிழவி கேட்டா அரை நிமிஷத்துல பிடிச்சுக்கிடுவா. நீ மூணு நாளு வீடியோ பாத்த.

சரி, 9-ம் 45-ம் நிறுத்துப் பாப்போம். 45ன்னா பதினொண்ணரை மில்லிமீட்டர்கிட்ட. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டரை மில்லிமீட்டர். ஒரு நெல்லுமணியோட குறுக்களவு. அந்த நெல்லுமணிக்கு நீயும் ஒன் கூட்டாளிமாரும் விடிய விடிய வழக்கு பேசுதீய. 45 குண்டு பதினஞ்சு கிராம் வரும். 9 குண்டு எட்டு கிராம். கனத்தது பைய போகும், லேசானது வெரசா போகும். கனத்தது கையை உதைக்கும், தோட்டாப் பெட்டியில கொறைவாத்தான் கொள்ளும். மெலிஞ்சதுன்னா பதினஞ்சு, பதினேழு கூட அடுக்கலாம். இதுல ஒசத்தி எது? கல்யாணத்துக்குப் பெரிய உருளியா சின்ன உருளியான்னு பந்தி எத்தனைன்னு தெரியாம கேக்குத மாதிரி இருக்கு.

அமெரிக்காக்காரன் இந்தக் கேள்வியோட நூறு வருஷம் மல்லுக்கட்டியிருக்கான். பிலிப்பைன்ஸ் சண்டையில 38 போதலன்னு சொல்லி, 1904-ல சிகாகோ இறைச்சிக் களத்துல மாட்டைச் சுட்டுப் பாத்தான். செத்த மனுஷ உடம்பையும் சுட்டுப் பாத்தான். முடிவுல 45-க்குக் கொறையக் கூடாதுன்னு எழுதி வச்சான். 1911-ல பட்டாளத்துக்கு 45 பிஸ்டல் வந்துது. 1985-ல அதைத் தூக்கி வச்சிட்டு 9-க்கு மாறிட்டான்.

அவனுக எஃப்.பி.ஐ. கதை இன்னும் கொள்ளாம். 1986-ல மியாமியில ஒரு சண்டை. ரெண்டு ஆப்பீசர்மாரு செத்துப் போனாவ. பழி 9 எம்.எம். தோட்டா மேல விழுந்துது. 10 எம்.எம். வாங்கினான். ஒதை தாங்கல. மருந்தைக் கொறைச்சு 1990-ல 40ன்னு புதுசா ஒண்ணு பிறந்துது. ஊரெல்லாம் 40, 40ன்னு ஆடிச்சு. இருவத்தஞ்சு வருஷம் கழிச்சு, ஒதை கொறைஞ்சா ஆளு நேரா சுடுதான், தோட்டாவும் இப்ப தேறிட்டுதுன்னு சொல்லித் திரும்ப 9-க்கே வந்துட்டான். கிழக்கேகோட்டையில பொறப்பட்டு ஊரெல்லாம் சுத்திக் கிழக்கேகோட்டைக்கே வருதே சர்க்குலர் பஸ்சு, அது மாதிரி. டிக்கெட் காசு மட்டும் பெருசு.

நம்ம நாட்டுல கூட்டம் எதுக்கு? பாயிண்ட் 32-க்கு. ஏன்னு கேளு. அது ஒசத்தின்னா? ஒரு மண்ணும் இல்ல. 1959-ல ஆயுதச் சட்டம் போட்டான். பிறகு வந்த விதியில பட்டாளமும் போலீசும் வச்சிருந்த 380, 455, 9 எம்.எம். தோட்டா எதுலெல்லாம் போகுமோ, அந்த ரிவால்வரும் பிஸ்டலும் நாட்டு சனத்துக்கு ஆகாதுன்னு எழுதிட்டான். அதுவும் நல்ல புத்திதான். சர்க்காரு தோட்டா களவு போனா ஒன் துப்பாக்கியில நொழையக் கூடாதுல்லா? மிச்சம் கையில கிடைச்சது 32. கான்பூர் தொழிற்சாலை அடிச்சு வித்தான், சனம் வாங்கிச்சு. ஊருக்குப் போக ஒரே ஒரு பஸ்சு இருந்தா கூட்டம் அதுலதான் இருக்கும். அதைப் பாத்து இந்த பஸ்சுக்குத்தான் சனம் பிரியப்படுதுன்னு எவனாவது சொல்லுவானா? நீ சொல்லுத.

2014-ல கான்பூர்க்காரன் பொம்பளைகளுக்குன்னு ஒரு 32 ரிவால்வர் இறக்கினான். பேரு நிர்பீக். கனம் அரைக் கிலோ. வெலை ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. எப்படிக் குடுத்தான் தெரியுமா? நகைப்பெட்டியில வச்சு. ராத்திரி எட்டு மணிக்கு பஸ்சு எறங்கி நடந்து வாற ஏழைப் பொண்ணு ஒண்ணேகால் லட்சத்துக்கு எங்க போவா? அவளுக்கு வேண்டியது மொனையில எரியுத ஒரு தெருவிளக்கு. அதுக்கு எத்தனை பாயிண்ட்டுன்னு ஒன் கூட்டாளிகிட்ட கேட்டுச் சொல்லு. பிறகு 2023-ல பிரபல்ன்னு இன்னொண்ணு. உருளை பக்கவாட்டுல திறக்கும், அம்பது மீட்டர் எட்டும்ன்னு கொட்டு அடிச்சான். இந்தச் சந்தியில அம்பது மீட்டருக்குள்ள எத்தனை ஆட்டோ, எத்தனை லாட்டரிக்காரன், எத்தனை பூக்காரின்னு எழுந்து நின்னு எண்ணிப் பாரு.

எம்.ஜி.ஆர். கதை தெரியுமில்லா? 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா சுட்டாரு, குண்டு கழுத்துல நின்னுது. பிறகு தன்னையும் சுட்டுக்கிட்டாரு. ரெண்டு பேரும் பிழைச்சாவ. ஏன்? தோட்டா பல வருஷத்துப் பழசு, மேசை இழுப்புக்குள்ள ஒரு டப்பாவுல கிடந்துது, இழுப்பைத் திறக்கும்போதும் அடைக்கும்போதும் ஒண்ணோடொண்ணு உருண்டு உரசி வீரியம் போச்சுன்னு தடயம் பாத்தவங்க சொன்னாங்க. கேட்டியா? எத்தனை பாயிண்ட்டுன்னு ஊரே தொண்டை வத்திப் பேசலாம். மேசை இழுப்பு என்ன பண்ணிச்சுன்னு எவன் பேசுதான்? எம் பொண்டாட்டி சீட்டுப் புத்தகம் வைக்குத இழுப்பு இருக்கே, அதைத் திறக்குத வேகத்துக்கு பீரங்கிக் குண்டு கூட நீர்த்துப் போவும்.

மணியாச்சியில 1911 ஜூன் 17-ல ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சி, அன்னைக்குத் திருவிதாங்கூர்ல இருந்த செங்கோட்டைக்காரன். கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங். நூறு வருஷமா அந்தக் கதையை ஊரு பேசுது. அது என்ன அளவு துப்பாக்கின்னு ஒருத்தன் எங்கிட்ட கேட்டதில்ல, நீ வந்து கேக்கது வரைக்கும்.

இன்னொருத்தரை டி.வி.யில பாத்தேன். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கு. துருக்கிக்காரன், அம்பத்தொரு வயசு. மத்தவனுக கண்ணுக்கு ஒரு கண்ணாடி, அதுக்கு மேல ஒரு மூடி, காதுக்குப் பெரிய கொப்பரைன்னு தேருக்குச் சோடிச்ச மாதிரி நிக்கானுக. இவரு சாதாரணக் கண்ணாடி, ஒரு கை டவுசர் பைக்குள்ள. சாயாக்கடையில நிக்குத மாதிரி நின்னு வெள்ளி வாங்கிட்டுப் போனாரு. அதே போட்டியில நம்ம மனு பாக்கரும் சரப்ஜோத்தும் வெண்கலம். சுட்ட குண்டு நாலரை மில்லிமீட்டர், கனம் அரை கிராம், மருந்தே கிடையாது, காத்துதான். 2012-ல லண்டன்ல வெள்ளி வாங்குன விஜய்குமார் பட்டாளத்துக்காரன். அவருடையது வெறும் 22. ஒன் நாப்பத்தஞ்சு இதுவரை நாட்டுக்கு என்ன கொண்டு வந்திருக்கு? வட்டியூர்க்காவுல 2015 தேசிய விளையாட்டுக்குக் கட்டின சுடுகளம் இருக்கு. பஸ்சுல போற தூரந்தான். போனியா? போகல. வெயிலு.

மலையோரத்துல இருக்குத எம் மச்சினன்கிட்ட பன்னெண்டு போர் ஒண்ணு உண்டு. 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடலாம்ன்னு ஆனபிறகு காட்டுப்பன்னி சுட அவனை விளிக்கும். மரச்சீனி மூட்டோட போன வயித்தெரிச்சல்ல விளிக்குதவன் எந்தத் தோட்டான்னு கேக்க மாட்டான். வருவியா மாட்டியான்னுதான் கேப்பான். மச்சினனுக்கு அந்தத் துப்பாக்கியால கிடைச்ச கெட்டி அனுபவம் என்னன்னா, எலக்‌ஷன் வரும்போதெல்லாம் அதைத் துணியில சுத்தி ஸ்டேஷன்ல கொண்டு குடுத்து ரசீது வாங்கி, முடிஞ்சபிறகு வரிசையில நின்னு திருப்பி வாங்குதது. எலக்‌ஷனோ, பாராளுமன்றம் ஒண்ணு, சட்டசபை ஒண்ணு, பஞ்சாயத்து ஒண்ணுன்னு வந்துக்கிட்டே இருக்கு. துப்பாக்கி வீட்டுல இருந்ததை விட ஸ்டேஷன்ல இருந்த நாளு கூடன்னு அவன் பொண்டாட்டி சொல்லுவா.

போன சதுர்த்திக்கு ஒருத்தன் வந்தான். ஒன் வயசுதான் இருக்கும். கடையில உள்ளதுல பெரிய தேங்கா தா மாமான்னான். குலுக்கியும் பாக்கல, தட்டியும் பாக்கல, அகலத்தை மட்டும் பாத்தான். தலைப்பாரம் மாதிரி ரெண்டு கையால தூக்கிட்டுப் போய் எறிஞ்சான். அது கல்லுல பட்டு, ஒரு சத்தம் போட்டு, முழுசா உருண்டு வந்து அவன் காலடியிலயே நின்னுது. பின்னால ஒரு கிழவி. கையில ஒரு சப்பட்டைக் காயி. மூணு கண்ணும் எந்தப் பக்கம்ன்னு பாத்து, நாரைத் திருப்பிப் பிடிச்சு, வீசக் கூட இல்ல, கையை விட்டா. சிரட்டை சிதறி அந்தப் பய சட்டையில தெறிச்சுது. அவன் எங்கிட்ட வந்து, மாமா ஒங்க தேங்காயில கொறை இருக்குன்னான்.

எத்தனை எம்.எம்.ன்னு சொல்லி அவனை அனுப்பினேன்னு கேக்கியா? கேளு, கேளு. ஆனா வடக்க பாரு, ரெண்டு பட்டாளத்துப் பயலுக வாறானுக, பதினொண்ணு வேணும்ன்னு விரலைக் காட்டுதான். நீ எழும்பு. அந்தச் சாக்கை இப்படி இழு. அதுல இல்லடே, மத்ததுல. சின்னக் காயி உள்ளதுல.