டப்பாவுக்கு முன்னால் டெக்

பழைய கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைக்கிறவர்கள் எல்லோரும் யூஎஸ்பியில் சொருகும் சின்ன டப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எதற்கு எத்தனை நட்சத்திரம், எதைத் திட்டி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கப் படித்து, குடும்பத்தையே கலந்து பேசி ஒன்றை வாங்குகிறார்கள். கூடவே ஒரு குட்டி சிடி வரும். அதைப் போட இன்றைய லேப்டாப்பில் இடம் கிடையாது என்பது முதல் அதிர்ச்சி. கேசட்டைப் போட்டு ஓட்டும் டெக்கே வீட்டில் கிடையாது என்பது இரண்டாவது. ஆகவே என் கட்சி இதுதான்: ஒதுக்கிய காசில் பெரும்பங்கு டெக்குக்கு, மிச்சம் இருந்தால் டப்பாவுக்கு.

இதற்குக் காரணம் கேசட்டின் உள்ளேயே இருக்கிறது. விஎச்எஸ் கேசட்டில் இருப்பது 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள காந்த நாடா. அது விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பும் வேகத்தில்தான் நகரும். அதைப் படிக்கும் ஹெட் பொருத்திய உருளையோ நம் நாட்டு பால் (PAL) வீடியோ முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். ஹெட்டில் அழுக்கோ, நாடாவில் பூஞ்சையோ, இழுக்கும் ரப்பரில் வழவழப்போ இருந்தால் படத்தில் கோடு விழும், ஆடும், மாப்பிள்ளையின் தலை ஒரு பக்கம் வளையும். மஞ்சள் பின் வழியாக வந்ததை எண்ணாக மாற்றுவது மட்டும்தான் டப்பாவின் வேலை. மொய் எழுதுகிறவரைப் போல அது சொன்னதைத்தான் எழுதும். கொடுக்காத தொகையை வரவு வைக்காது. போதாக்குறைக்கு, டப்பா இன்றும் புதிதாகத் தயாராகிறது, டெக் தயாராவதில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. காந்த நாடாக்களை 2025க்குப் பிறகு ஓட்டிப் பார்ப்பதே சிரமமாகிவிடும் என்று யுனெஸ்கோ தரப்பிலிருந்து 2019லேயே எச்சரிக்கை வந்தது. அரிதானதை முதலில் தேடுவதுதானே முறை?

டெக்குக்கு எங்கே போவது, டிவியில் ஓடும்போது செல்போனில் எடுத்தால் ஆகாதா என்பார்கள். டிவியில் ஓட்டவும் அதே டெக் வேண்டும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அப்படி எடுத்தால் தாலி கட்டும் நேரத்து கெட்டிமேளத்தோடு இன்றைய குக்கர் விசிலும், திரையில் தெரிகிறவர்களைப் பற்றி அத்தை சொன்ன அபிப்பிராயமும் சேர்ந்தே பதிவாகும். அபிப்பிராயத்துக்கு உரியவர்களுக்கும் அந்தப் பிரதி போகும் என்பதால் இது தரத்தைவிட உறவு சம்பந்தப்பட்ட பிரச்சினை. ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாமே என்பது நல்ல யோசனை. அங்கேயும் கேட்க வேண்டியது டப்பாவின் பிராண்டை அல்ல, டெக்கின் உடல்நிலையை. ‘கொஞ்சம் சுத்தம் பண்ணித் தருகிறோம்’ என்றால், சுத்தம் செய்யாத பிரதியும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்கிறவர்களுக்கும் இதுவே பதில். அது மங்கலான முகத்தைத் தெளிவாக்குவதில்லை. தெளிவான ஒரு முகத்தை ஊகித்து ஒட்டுகிறது. தாத்தாவுக்கு அவர் வாழ்நாளில் வாய்க்காத மூக்கு வாய்க்கும். சொத்துப் பத்திரத்தில் இருக்கும் படத்தோடு பிறகு ஒத்துப்போகாது.

மூன்று மணி நேரத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், தாலி கட்டும் பத்து நிமிஷம் போதாதா என்பதுதான் உருப்படியான ஆட்சேபம். மூன்று மணி நேர கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் கம்ப்யூட்டருக்குள் வரும். எந்தக் கருவியும் அதை அவசரப்படுத்த முடியாது. ஆனாலும் கீரமங்கலத்துக்காரர்கள் இதைக் கேட்கக் கூடாது. கீரமங்கலம், வடகாடு வட்டாரம் ஆடி வந்தால் மொய் விருந்து வைக்கும் வட்டாரம். பெயர், ஊர், தொகை என்று நோட்டில் ஏற்றி, தலைமுறை தாண்டியும் திருப்பிச் செய்யும் ஊரில் சாட்சியம் குறைவாக இருக்கலாமா? இன்று மொய்யே கம்ப்யூட்டரில் ஏறி ரசீது அடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் எவர் வந்தார் என்று நோட்டு சொல்லாது, கேசட் சொல்லும். எத்தனை பந்தியில் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும். இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணங்களில், வீடியோக்காரர் வேறு வேலையில்லாமல் கேமராவைத் திருப்பிய பக்கமெல்லாம் அந்த மரங்கள்தான் நிற்கின்றன. பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆல்பம் இருக்கிறது. தோப்புக்கு யார் ஆல்பம் போட்டார்கள்? தாமரைப் பூவுக்குள்ளிருந்து மணப்பெண் எழுந்துவரும் கிராபிக்ஸைக் கூட வெட்டலாம், வேண்டாத அந்த அகலக் காட்சிகளை வெட்டக் கூடாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ஓடுகிற டெக் ஒன்றைத் தேடி, ஹெட்டைத் துடைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை அதில் போடாதீர்கள். ஒன்றின் பூஞ்சை டெக் வழியாக எல்லாவற்றுக்கும் பரவும். அப்புறம் டப்பா. அது பால் முறையை, 576 கோடுகளோடு, விநாடிக்கு 25 பிரேம் கணக்கில் வாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அமெரிக்கக் கணக்கான 480ல் வாங்கினால் இருக்கிற கொஞ்சம் தெளிவிலும் கொஞ்சம் போய்விடும். பதிந்து முடித்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவையுங்கள். முதல் பந்தியில் யாருக்கு இலை போடவில்லை என்ற பழைய வழக்குக்கு அப்போது இரண்டு தரப்பிடமும் ஒரே ஆதாரம் இருக்கும். தீர்ப்பு எப்படி வந்தாலும் பயமில்லை. கோபித்துக்கொண்டு கல்யாணத்தை நிறுத்துகிற கட்டத்தை எல்லோரும் தாண்டிவிட்டார்கள்.