கைசருக்கு ஒரு சம்மன்

சட்டக் கல்லூரியில் சர்வதேசக் குற்றவியல் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் முதல் அத்தியாயத்தின் தலைப்பு 'வரலாற்றுப் பின்னணி' என்றுதான் இருக்கும். மாணவர்கள் அதைத் தாண்டிக் குதித்து நேராக ரோம் சாசனத்துக்குப் போய்விடுவார்கள். தேர்வில் வருவது அதுதான். பாவம், மொத்தப் பாடத்திலும் சிரிக்க இடமிருக்கிற ஒரே அத்தியாயம் அவர்கள் விட்டுவிட்டுப் போனதுதான்.

வழக்கமாக 1474-ல் ஆரம்பிப்பார்கள். ரைன் நதிக்கரையில் பிரைசாக் என்ற ஊரில் அதிகாரம் செய்துகொண்டிருந்த பீட்டர் வான் ஹாகன்பாக், கொலை, வன்புணர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து வசமாக மாட்டிக்கொண்டார். விசாரிக்க 28 நீதிபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். நம்முடைய உச்ச நீதிமன்றத்தில் கேசவானந்த பாரதி வழக்குக்கே 13 பேர்தான். எல்லாம் எஜமானர் பர்கண்டி கோமகன் சார்ல்ஸ் சொல்லித்தான் செய்தேன், சந்தேகமிருந்தால் அவரையே கேளுங்கள், அதுவரை வாய்தா கொடுங்கள் என்றார் ஹாகன்பாக். வாய்தா கிடைக்கவில்லை, தலை போயிற்று. 'மேலிடத்து உத்தரவு' என்கிற சாக்கு இந்தப் பாடத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். அங்கிருந்து புத்தகம் 440 வருடங்களை ஒரே தாவாகத் தாவி முதல் உலகப் போருக்கு வந்து நிற்கும். நடுவில் உலகத்தில் அக்கிரமமே நடக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். காலனி நாடுகளில் நடந்ததெல்லாம் பின்னணியில் சேராது போலிருக்கிறது.

1918 நவம்பர் 10 அதிகாலையில் ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம், அதாவது கைசர், நெதர்லாந்து எல்லையில் வந்து நின்றார். 1914 செப்டம்பரில் மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்திய எம்டன் கப்பல் இவருடையதுதான். அந்தக் கப்பலின் பெயரை நம் ஊரில் இன்னும் வசவாகவும் பாராட்டாகவும் உபயோகிக்கிறோம். உள்ளே விடலாமா என்று டச்சுக்காரர்கள் மேலிடத்தைக் கேட்டு முடிக்கும்வரை சக்கரவர்த்தி எல்லை ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் மணிக்கணக்கில் உலாத்திக்கொண்டிருந்தார். அனுமதி வந்ததும் ஆமரோங்கன் என்ற ஊரில் பெண்டிங்க் பிரபுவின் கோட்டையில் தங்க ஏற்பாடாயிற்று. பிரபுவிடம் மூன்று நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற கணக்கு சக்கரவர்த்திகளுக்குப் பொருந்தாது. ஒன்றரை வருடம் இருந்தார்.

கடல் தாண்டி பிரிட்டனில் அப்போது தேர்தல். 'கைசரைத் தூக்கில் போடு' என்று மேடைக்கு மேடை முழக்கம். தூக்கில் போடவேண்டியவர் விக்டோரியா மகாராணியின் பேரன், பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். முழக்கத்துக்கு அதெல்லாம் தடையாக இல்லை. பிரதமர் லாயிட் ஜார்ஜின் கூட்டணி அமோகமாக ஜெயித்தது. ஜெயித்த பிறகுதான், எந்தச் சட்டத்தில் போடுவது என்று தேடத் தொடங்கினார்கள்.

சட்டம் கிடைக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத ஒருவர் இருந்தார். லூக் லீ, டென்னசி மாநிலத்து முன்னாள் செனட்டர், அமெரிக்க பீரங்கிப் படையில் கர்னல். 1919 ஜனவரியில் சில சகாக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, விடுமுறைப் பயணம் என்ற பாவனையில் எல்லை தாண்டி நேராக ஆமரோங்கன் கோட்டைக் கதவைத் தட்டினார். கைசரைக் கூட்டிக்கொண்டு போய் நேசநாடுகளிடம் ஒப்படைத்துவிடுவதாக உத்தேசம். வரவேற்பறையில் உட்காரவைத்தார்கள். நீங்கள் யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. யார் சார்பிலும் இல்லை என்பதால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் கோட்டையைச் சுற்றி டச்சுச் சிப்பாய்கள் நிறைந்துவிட, வந்தவர்கள் மரியாதையாகக் கிளம்பிப் போனார்கள். போனபிறகு பார்த்தால், கைசரின் முத்திரை பொறித்த சிகரெட் சாம்பல் கிண்ணம் ஒன்று காணோம். வந்த அதிகாரிகளில் ஒருவர் நினைவுப் பொருளாகக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். சர்வதேசக் குற்றவியல் சட்டத்தின் நவீன யுகத்தில் முதன்முதலாகக் கைப்பற்றப்பட்ட தடயப் பொருள் அதுதான் என்று நான் எழுதுவேன். பரீட்சையில் மதிப்பெண் போடமாட்டார்கள். லீக்கு ராணுவம் கண்டனக் கடிதம் கொடுத்ததோடு விட்டது. பிற்பாடு வங்கி மோசடி வழக்கில் தண்டனை பெற்று 1934-ல் அவர் சிறைக்குப் போனார். பிடிக்கப் போனவர் கம்பி எண்ணினார், பிடிபட வேண்டியவர் கடைசிவரை எண்ணவில்லை.

பெரிய மனிதர்கள் பாரிஸில் சட்டப்படி முயன்றார்கள். பொறுப்பு யாருடையது என்று ஆராய ஒரு கமிஷன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் தலைவர். நாட்டுத் தலைவரை அந்நிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, 'மானுட நெறி' என்பதெல்லாம் சட்டமே இல்லை என்று அமெரிக்கத் தரப்பு எதிர்ப்புக் குறிப்பு எழுதியது. கமிஷன் ஒருபக்கம், அதன் தலைவர் மறுபக்கம். கடைசியில் 1919 ஜூன் 28-ல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தத்தில் 227-ஆம் பிரிவு வந்து உட்கார்ந்தது. ஐந்து வல்லரசுகளின் ஐந்து நீதிபதிகள் கைசரை விசாரிப்பார்கள். குற்றச்சாட்டு என்ன? சர்வதேச ஒழுக்கத்துக்கும் ஒப்பந்தங்களின் புனிதத்துக்கும் எதிரான மகா அபராதம். லட்சக்கணக்கில் ஆள் செத்த போருக்கு, சம்பந்தி வீட்டார் வாக்குத் தவறினார்கள் என்கிற தோரணையில் ஒரு குற்றப்பத்திரிகை.

சம்மன் டச்சு அரசாங்கத்துக்குப் போயிற்று. அவர்கள் போரில் சேரவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடவில்லை. அடைக்கலம் தேடி வந்தவரைக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை, இப்படியொரு குற்றம் எங்கள் சட்டப் புத்தகத்திலும் இல்லை என்று 1920 ஜனவரியில் பதில் வந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி அதே பதில். கேட்டவர்கள் முகத்தில் உள்ளூர ஒரு நிம்மதி இருந்திருக்கும் என்பது என் அனுமானம். விசாரணை நடந்து, வக்கீல் வைத்து வாதாடி, ஒருவேளை விடுதலையும் ஆகியிருந்தால்?

கைசர் பக்கத்தில் டோர்ன் என்ற ஊரில் மாளிகை வாங்கிக் குடியேறினார். ஜெர்மனியிலிருந்து 59 ரயில் பெட்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்கள் வந்து சேர்ந்தன. எழுதும் மேஜைக்கு முன்னால் நாற்காலிக்குப் பதில் குதிரைச் சேணம். பொழுதுபோக்கு மரம் வெட்டுவது. ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளினார். 1940-ல் பாரிஸ் விழுந்தபோது ஹிட்லருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். அடுத்த வருடம் ஜூன் 4-ல் சொந்தப் படுக்கையில் காலமானார்.

தலைவர் கிடைக்காததால் சில்லறைகளையாவது பிடிக்கலாம் என்று நேசநாடுகள் ஜெர்மனியிடம் 900 பேர் அளவுக்கு ஒரு பட்டியல் நீட்டின. ஜெர்மனி பதறியது. பேரம் நடந்து 45 ஆகி, அதையும் ஜெர்மனியே தன் லெய்ப்ஸிக் உச்ச நீதிமன்றத்தில் விசாரித்துக்கொள்ளட்டும் என்று முடிந்தது. 1921-ல் கூண்டேறியவர்கள் 12 பேர், தண்டனை பெற்றவர்கள் 6 பேர். இதில் ஒரு வழக்கில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாண்டவரி காஸில் என்ற மருத்துவமனைக் கப்பலை நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்து, தப்பிக்கப் படகேறியவர்களையும் சுட்டது. செத்தவர்கள் 234 பேர், அவர்களில் 14 பேர் கனடா நாட்டுச் செவிலியர்கள். உத்தரவு போட்ட கேப்டன் விசாரணைக்கு வரவே இல்லை. கீழ் அதிகாரிகள் இருவருக்கும் நான்கு வருடம் சிறை. உத்தரவு சட்டவிரோதமானது என்று எவனுக்கும் பளிச்சென்று தெரியும்போது அதைக் காட்டித் தப்ப முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அற்புதமான தீர்ப்பு. உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கைதிகள் இருவரும் சில மாதங்களில் சிறையிலிருந்து தப்பிப் போய்விட்டார்கள், தீர்ப்பு மட்டும் பாடப்புத்தகத்தில் மாட்டிக்கொண்டது.

அதே 1921-ல் பெர்லின் தெருவில் இன்னொரு சங்கதி. ஆர்மீனியர் படுகொலைக்குக் காரணமான ஒட்டோமான் அமைச்சர் தலாத் பாஷாவை, குடும்பத்தைப் பறிகொடுத்த சோகோமோன் தெலிரியான் சுட்டுக் கொன்றார். ஜூரி அவரை விடுவித்தது. அப்போது போலந்து வசமிருந்த ல்வீவ் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் ரஃபேல் லெம்கின் இதைப் படித்துவிட்டு, ஒருவனைக் கொன்றவனுக்கு வழக்கு, ஒரு இனத்தையே கொன்றவனுக்கு ஏன் இல்லை என்று பேராசிரியரிடம் கேட்டார். கோழிப் பண்ணைக்காரன் தன் கோழிகளைக் கொன்றால் உனக்கென்ன, தலையிட்டால் நீதான் அத்துமீறுகிறாய் என்பது பேராசிரியரின் விளக்கம். லெம்கினே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆர்மீனியர்கள் கோழிகள் இல்லை என்ற பதிலோடு வகுப்பை விட்டு வந்தவர், 1944-ல் 'இனப்படுகொலை' என்ற குற்றத்துக்குப் பெயர் சூட்டினார். அதே கல்லூரியில் அவருக்குச் சில வருடம் முன்னால் படித்த ஹெர்ஷ் லாட்டர்பாக்ட், 'மானுடத்துக்கு எதிரான குற்றம்' என்பதை, நாஜித் தலைவர்களை விசாரிக்க எழுதிய நியூரம்பர்க் சாசனத்தில் ஏற வைத்தார். இந்தப் பாடத்தில் பாதி, கோழிப் பண்ணைத் தத்துவம் நடந்த கட்டடத்தில் படித்த இரண்டு பேர் எழுதியது.

நியூரம்பர்க்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் மூலைகளை மட்டும் காட்டுகிறேன். சாசனம் கையெழுத்தானது 1945 ஆகஸ்ட் 8, ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் நடுவில் கிடைத்த ஓய்வில். 7-ஆம் பிரிவு 'நான் நாட்டுத் தலைவன்' என்ற கைசர் வழியை அடைத்தது, 8-ஆம் பிரிவு ஹாகன்பாக் வழியை. ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னாலும் தப்பித்த அல்லது தப்பிக்கப் பார்த்த ஓர் ஆசாமி நிற்கிறார், உற்றுப் பார்த்தால் தெரியும். சாசனத்தை எழுத உட்கார்ந்த சோவியத் பிரதிநிதி நிகிட்சென்கோ, குற்றவாளிகள் யாரென்பது ஏற்கெனவே முடிவான விஷயம் என்று பேசிவிட்டு, அப்புறம் அதே வழக்கில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். ஸ்டாலின் போலிஷ் அதிகாரிகளைக் கொன்ற கட்டின் படுகொலை ஜெர்மானியர் தலையில் குற்றச்சாட்டாக ஏறியது; தீர்ப்பு அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆயுத முதலாளி குஸ்தாவ் க்ரூப் படுத்த படுக்கையாக இருந்ததால் அவருக்குப் பதில் மகனைக் கூண்டிலேற்றலாமா என்று கேட்டார்கள். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள இது விளையாட்டுப் போட்டி இல்லை என்று பிரிட்டிஷ் தரப்பே ஆட்சேபித்தது. அக்டோபரில் சாசனத்தை எழுதிய நான்கு நாடுகளும் பெர்லினில் கூடி ஒரு தனி ஆவணத்தில் கையெழுத்திட்டு, சாசனத்தின் ஓர் அரைப்புள்ளியைக் காற்புள்ளியாகத் திருத்தின. அந்தத் திருத்தத்தால், போர் தொடங்குமுன் ஜெர்மனிக்குள் யூதர்களுக்கு நடந்த கொடுமைகள் பெரும்பாலும் விசாரணைக்கு வெளியே போய்விட்டன.

1998 ஜூலை 17, ரோம். நிரந்தரமான ஒரு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைக்கும் ரோம் சாசனத்துக்கு ஆதரவாக 120 நாடுகள், எதிராக 7, வாக்களிக்காதவை 21. இருப்பிடம் ஹேக், அதே நெதர்லாந்து. எதிர்த்தவற்றில் ஒன்றான அமெரிக்கா 2002-ல் ஒரு சட்டம் போட்டது: தன் ஆட்களை அந்த நீதிமன்றம் பிடித்து வைத்தால், எந்த வழியிலாவது மீட்டுவர ஜனாதிபதிக்கு அதிகாரம். ஒருவரை நீதிமன்றத்துக்குத் தூக்கிப் போக லூக் லீ நெதர்லாந்துக்குள் சட்டமில்லாமல் நுழைந்தார். இப்போது நீதிமன்றத்திலிருந்து தூக்கிவர நுழையலாம், சட்டமே இருக்கிறது.

நம் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாக்களிக்காத அந்த 21-ல் இந்தியாவும் ஒன்று. ரோம் சாசனத்தில் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை.